கறுப்பு வயரும் எம்.ஏ. பட்டமும்

எட்டுப் பக்க ஆங்கிலக் கையேடு ஒன்று என் கையில் விரிந்திருக்க, எதிரே ஒருவர் ஸ்பானரோடு காத்திருந்த காலை அது. இலக்கியத்தில் எம்.ஏ. வாங்கிப் பல ஆண்டுகள் கழித்து, முதன்முறையாக ஒருவர் என்னை எதையோ வாசிக்கச் சொன்னார். முசஃபா என்ற வளைகுடாத் தொழிற்பேட்டையில் ஓர் ஒர்க்‌ஷாப், இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. நான் அங்கே ஸ்டோர் கீப்பர். வாசிக்கச் சொன்னவர் எங்கள் எலெக்ட்ரீஷியன், குமரிக் கடற்கரைக்காரர், என்னைவிட இரண்டு வயது இளையவர். இளையவர் என்ற பணிவு அவரிடம் ஒருநாளும் வெளிப்பட்டதில்லை.

வாடிக்கையாளரான அரபி ஒருவர் தம் பிக்கப்பில் குதிரை டிரெய்லரை இழுத்துப்போக விரும்பினார். டிரெய்லர் சக்கரங்களில் மின்சார பிரேக் இருந்தது. முன்னால் ஓட்டுபவர் பிரேக்கை மிதிக்கும்போது பின்னாலும் பிடிக்க வேண்டுமானால், டாஷ்போர்டுக்கு அடியில் உள்ளங்கையளவுப் பெட்டி ஒன்றைப் பொருத்த வேண்டும். அமெரிக்காவிலிருந்து அவரே வாங்கி வந்த பெட்டி. எங்களில் யாரும் அதுவரை பார்த்ததில்லை. துபாய்க்கு அனுப்பிவிடலாம் என்றார் மலையாளி முதலாளி. "நான் போடுதேன் சார்" என்றார் எலெக்ட்ரீஷியன். முதலாளி பெட்டியை அவர் கையில் வைத்தார். "பெட்டி கரிஞ்சா உன் விசா கேன்சல். கலாஸ், அவ்வளவுதான்." ஊரில் எலெக்ட்ரீஷியன் கட்டிக்கொண்டிருந்த வீடு அப்போது ஜன்னல் உயரத்தில் நின்றது.

நான்கே வயர்கள். நீலம் டிரெய்லருக்கு, சிவப்பு பிரேக் விளக்கின் சுவிட்சுக்கு என்று கச்சேரி போல ராகமிழுத்து வாசித்தேன். "கறுப்பு எர்த்து" என்றும் வாசித்தேன். அதில்தான் வினை. ஆறு வருஷமாகக் கறுப்பு வயர் கேட்டு வருபவர்களுக்கெல்லாம் சீட்டில் 'எர்த்து வயர்' என்று எழுதிக் கொடுத்தவன் நான். கண் கறுப்பைக் கண்டதும் வாய் தானாக மீதியைச் சொல்லிவிட்டது. புத்தகத்தில் இருந்ததோ வேறு.

எலெக்ட்ரீஷியன் கறுப்பு வயரின் நுனியைச் சீவிவிட்டு, வண்டியின் உடம்பில் வைத்து முறுக்கப் போனவர், நின்றார். கையேட்டை வாங்கி, ஆங்கிலத்தை விட்டுவிட்டுப் படத்தில் கறுப்புக் கோட்டின் மேல் விரலை ஓட்டினார்.

"ஓய் எம்மேகாரரே, இது எங்க போய் நிக்கி?"

"பேட்டரியில்."

"பேட்டரி தலையில என்ன போட்டிருக்கான்?"

கூட்டல் குறி. மறுபடி வாசித்தேன். கறுப்பு பேட்டரிக்கு, வெள்ளை எர்த்துக்கு. நான் சொன்னபடி மாட்டியிருந்தால் பெட்டி கரிந்திருக்கும்.

"நல்லவேள, நீரு டாக்டருக்குப் படிக்கல" என்றார். பிறகு நான்கு வயர்களையும் படத்தோடு மூன்று முறை ஒப்பிட்டு இணைத்தார்.

பின்னாலிருந்த காலித் தெருவில் வெறும் டிரெய்லரோடு ஓட்டிப் பார்த்தோம். டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும் சிறு நெம்புகோல் ஒன்று பெட்டியில் இருந்தது; அதை அவர் சொன்னபடி நான் தள்ளினேன். யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல வண்டி நிதானமாக நின்றது. அவர் ஸ்டீயரிங்கை இரண்டு முறை தட்டிக்கொடுத்தார், குதிரையைத் தட்டுவது போல.

மறுநாள் அரபி தம் இரு குதிரைகளோடு வந்து, ஓட்டிப் பார்த்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். எலெக்ட்ரீஷியன் என்னைக் காட்டி, "கிதாப் இவரு, காம் நானு" என்றார்; புத்தகம் இவர், வேலை நான் என்று அர்த்தம். முதலாளி என்னை முதன்முறையாக மனிதனாகப் பார்த்தார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். எலெக்ட்ரீஷியனின் பூட்ஸ் என் செருப்பின் மேல் ஏறியது.

அவர்கள் போனபின் ஏன் என்று கேட்டேன்.

"படத்தப் பாத்து மாட்டினேன்னு சொன்னா அடுத்த பெட்டியத் தருவானாவே? எம்.ஏ. வாசிச்சு மாட்டினதுன்னா தருவான்."

தந்தார்கள். அந்த வருஷம் மட்டும் ஏழெட்டு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் நான் கையேட்டை விரித்துப் பிடித்தபடி கம்பீரமாக நின்றேன், அவர் படத்தைப் பார்த்துக்கொண்டார். வீடும் ஜன்னலைத் தாண்டியது. இன்று இலக்கிய விழாக்களில் என்னை ஆழ்ந்த வாசகர் என்று அறிமுகப்படுத்துகிறார்கள். மறுப்பதற்கு நான் வாயெடுப்பதில்லை. என் காலை மிதிக்கப் பக்கத்தில் அவர் இல்லாதபோதும்.