மஞ்சள் அட்டை கழுத்து மாறிய நாள்

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. மனதுக்குள் எண் போட்டு அடுக்க ஆரம்பித்துவிடுவேன். எலக்ட்ரானிக்ஸ் படித்த காலத்தில், வேலை செய்யாத சர்க்யூட்டை ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டுப் பழுது தேடிய பழக்கம். எங்கள் பள்ளி ஒருங்கிணைப்பாளரைப் பற்றி நான் அடுக்கியதில் முதலாவது, ஆசிரியர் கூட்டத்தில் அவர் சொன்னது: "இன்ஜினியரிங் முடிச்சு வேலை கெடைக்காதவங்கதான் இங்க டீச்சரா வர்றாங்க." எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாவது, மஞ்சள் அட்டை. மூன்றாவது வந்த பிறகு அடுக்குவதை நிறுத்திவிட்டுத் திட்டம் போட ஆரம்பித்தேன்.

திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் வழியில், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறைகளைத் தாண்டி இருக்கிறது பள்ளி. பலகையில் பள்ளியின் பெயரைவிட 'இன்டர்நேஷனல்' பெரிதாக இருக்கும். அது பொய்யும் இல்லை. ரிக் வண்டியோடு ஆந்திராவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் போர் போடப் போனவர்களின் பிள்ளைகள், டைல்ஸ் கடை மார்வாடிப் பிள்ளைகள், நூல் மில் மேற்பார்வையாளரின் ஒடியா பேசும் இரட்டையர் என்று என் நான்காம் வகுப்பில் பல மொழிகள் இருந்தன. பள்ளி எல்லைக்குள் ஆங்கிலம் தவிர எது பேசினாலும் கழுத்தில் மஞ்சள் அட்டை. அடுத்து பேசுகிற ஒருவரைப் பிடித்துக்கொடுத்தால்தான் அதைக் கழற்றலாம். விதி ஒருங்கிணைப்பாளருடையது.

அந்த வருடம் தான்சானியாவிலிருந்து ஒரு பெண் குழந்தை வந்து சேர்ந்தாள். அப்பா அங்கே ரிக் ஓட்டிக்கொண்டிருக்க, அம்மாவும் மகளும் மட்டும் ஊர் திரும்பியிருந்தார்கள். முதல் வாரமே பக்கத்துப் பிள்ளையிடம் தமிழில் ரப்பர் கேட்டு அட்டையை வாங்கிக்கொண்டாள். அதன்பின் அது அவள் கழுத்தைவிட்டு இறங்கவில்லை. அவளைச் சுற்றிப் பிள்ளைகள் தாராளமாகத் தமிழ் பேசினார்கள். அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஆங்கில வாசிப்புத் தேர்வில் வாய் திறக்காமல் நின்றாள். ஒருங்கிணைப்பாளர் என்னை அழைத்து, "அந்தப் பொண்ணுக்கு மூளை வளர்ச்சி கம்மி. வருஷக் கடைசியில டிசி குடுத்துடலாம். அம்மாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றார்.

மாலையில் ஸ்கூட்டியில் வந்த அம்மாவிடம் அதைச் சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் எப்படிப் பேசுவாள் என்று மட்டும் கேட்டேன்.

"ஊட்டுலயும் இங்கிலீசுலதான் பேசோணும்னு சார் சொல்லிப்போட்டாருங்க மிஸ்ஸு. எனக்கெங்கீங்க இங்கிலீசு வருது? அதனால நான் அவகிட்டப் பேசறதே இல்லீங்க."

"ஏனுங்க்கா, அப்பறம் அவளுக்குப் பசிச்சா?"

"கையக் காட்டுவாளுங்க. போட்டுத் தருவனுங்க." அவர் முந்தானையால் ஸ்கூட்டியின் கண்ணாடியைத் துடைத்தார். "அவ நல்லாப் படிச்சாச் சரிங்க."

அதுதான் மூன்றாவது.

மறுநாள் இடைவேளையில் கரும்பலகையில், தான்சானியாவின் சுவாஹிலி மொழியில் தண்ணீருக்குச் சொல்லும் 'மாஜி'யை ஆங்கில எழுத்தில் எழுதினேன். சுவாஹிலிக்கும் அதே எழுத்துதான் என்று முந்தின நாள் இரவு தேடித் தெரிந்துகொண்டிருந்தேன். அவள் பலகையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு வாசித்தாள். ஒரு வாக்கியம் எழுதினேன். அதையும் தடங்கலில்லாமல் வாசித்தாள். குழந்தைக்கு வாசிக்கத் தெரியும். ஆங்கிலம்தான் தெரியாது. இதைப் போய்ச் சொன்னபோது ஒருங்கிணைப்பாளர், "நம்ம சிலபஸ்ல சுவாஹிலி இல்லையே," என்று சிரித்தார்.

சிலபஸில் 'உலக விழிப்புணர்வு' இருந்தது. வழக்கமாகப் பிள்ளைகள் கொடி பிடித்து, பல மொழிகளில் வணக்கம் சொல்வார்கள். படம் எடுப்பார்கள். இந்த முறை பெற்றோர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்தட்டுமா, பெரியவர்களே மாணவர்களாக உட்காரட்டும் என்று கேட்டேன். "வெரி குட். நானே முதல் பெஞ்ச்," என்றார். அதைத்தான் எதிர்பார்த்தேன்.

அடுத்த வாரங்களில் அவள் எனக்கும் வகுப்புக்கும் இடைவேளைகளில் சுவாஹிலி கற்றுக்கொடுத்தாள். வெளியே தெரியக்கூடாது என்றதும் பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் படித்தார்கள்.

மாதிரி வகுப்பு நாளன்று அரங்கின் முதல் பெஞ்சில் பள்ளித் தாளாளரும் ஒருங்கிணைப்பாளரும். தாளாளர் லாரித் தொழிலில் சம்பாதித்துப் பள்ளி கட்டியவர். பின்னால் பெற்றோர். ஆங்கிலத்தில் ஒரே ஒரு விதி சொன்னேன்: இந்த வகுப்பில் சுவாஹிலி மட்டும், வேறு மொழி பேசுகிறவருக்கு அட்டை. ஒருங்கிணைப்பாளர் பலமாகக் கை தட்டினார்.

"சிமாமா," என்றேன். பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். பெற்றோர் அவர்களைப் பார்த்து எழுந்தார்கள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார்கள். பிறகு ஒருங்கிணைப்பாளரைப் பார்த்து, "ஃபுங்குவா கிட்டாபு," என்றேன். அவர் சிரித்தார். புரியாத பிள்ளைகளிடம் அவர் செய்வதுபோல, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னேன். மூன்றாம் முறை விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே சொன்னேன். அதுவும் அவர் செய்வதுதான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. தாளாளர் பக்கம் சாய்ந்து, "என்ன எளவுங்க இது, ஒண்ணும் வெளங்கலியே," என்றார்.

தமிழ்.

மூன்றாம் வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். தன் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, நுனிக்காலில் நின்று, அவர் கழுத்தில் போட்டாள். அவள் பிடித்துக்கொடுத்த முதல் ஆள். பிறகு, நான் அவரிடம் மூன்று முறை சொன்னபடியே, மேசைமேல் வைத்திருந்த சுவாஹிலிப் புத்தகத்தைத் திறந்து, ஒரு பக்கம் முழுக்க உரக்க வாசித்தாள்.

"அட, நல்லா மாட்டிக்கிட்டீங்க போங்க!" என்று தாளாளர் தொடையைத் தட்டினார்.

அப்போதுதான் நான் தமிழுக்கு மாறினேன். ஒரு மொழியில் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி வரும், வீட்டில் உங்களுக்கு வருகிற மொழியிலேயே நிறையப் பேசுங்கள் என்றேன். பிறகு எல்லாப் பக்கமும் குரல்கள். "அப்ப ஊட்டுல தமிழ் பேசலாமுங்களா?" "ஏனுங்க சார், நீங்க வேற மாதிரில்ல சொன்னீங்க?" அவளுடைய அம்மா எழுந்து தாளாளரை நேராகப் பார்த்தார். "ஏனுங்க, எம்புள்ள இத்தன நாளா எங்கூடப் பேசலீங்க."

தாளாளரின் சிரிப்பு நின்றது. "பேசுங்க, தாராளமாப் பேசுங்க," என்றவர் ஒருங்கிணைப்பாளர் பக்கம் திரும்பவே இல்லை.

ஒருங்கிணைப்பாளர் அட்டையைக் கழற்றப் போனார். "சார், ரூல்," என்றேன். அடுத்தவரைப் பிடிக்க வேண்டும். அரங்கமே தமிழ் பேசிக்கொண்டிருந்தது. யார் கழுத்தில் போடுவார்? எல்லோரும் கட்டணம் கட்டுகிற பெற்றோர். அட்டையோடே வாசலில் நின்று அவர்களை வழியனுப்பினார். அவள் அம்மா ஸ்கூட்டியைக் கிளப்பி, "ஏறு சாமி, போலாம்," என்றதும் அந்தக் குழந்தை பேச ஆரம்பித்தது. கேட்டைத் தாண்டியும் குரல் கேட்டது. ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒருங்கிணைப்பாளரின் கழுத்தை. அந்தக் காட்சியில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஒருங்கிணைப்பாளர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். டிசி பேச்சைத் தாளாளர் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வேணும்னேதான் செஞ்சீங்களா?"

"ஆமாங்க சார்."

அவர் கேட்டதும் தமிழில்தான். மஞ்சள் அட்டை எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் கிடந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து அதை உள்ளே போட்டு மூடினார்.