உப்பை விட்ட சுகுமாரி

காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு பட்டுத் துணியில் ஊசி குத்த மாட்டேன் என்ற ஒரே தையல்காரி சுகுமாரிதான். திருப்பருத்திக்குன்றத்து ஜைன வீட்டுப் பெண். பட்டுக்காகப் புழுவை வெந்நீரில் போட்டுக் கொல்கிறார்கள், அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்பாள். என் மனைவி அம்சவேணி தீபாவளி ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு போய், அப்படியே திருப்பிக்கொண்டு வந்து, "ஊருக்கே சோறு போடற பட்டு இவளுக்கு ஆவாதாம்" என்று ஒரு வாரம் முணுமுணுத்தாள். ஆனாலும் பருத்தி ரவிக்கை என்றால் அவளிடம்தான் போவாள். அளவு அவ்வளவு கச்சிதமாக இருக்கும்.

நான் உமாபதி, டாக்டர் வரதராஜனிடம் கம்பவுண்டர். மருந்து கலப்பேன், கட்டுப் போடுவேன், டாக்டர் இல்லாத நாளில் டாக்டராகவும் இருப்பேன். இந்தக் கடைசி வேலையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. வாயும் எனக்குக் கொஞ்சம் நீளம்.

அறுபத்தேழாம் வருஷம் ஆவணி மாதம். டாக்டர் சென்னைக்குப் போயிருந்த ஒரு வியாழக்கிழமை, சுகுமாரியை அவள் அம்மா மதனவதி கைத்தாங்கலாக அழைத்து வந்தாள். பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. தலைவலி, மயக்கம் என்றார்கள்.

"விரதம் இருக்குறா தம்பி. மழை நாலு மாசமும் சாப்பாட்டுல உப்ப விட்டுடுவா. மூணு வருஷமா இப்படித்தான்" என்றாள் மதனவதி. அவர்கள் வீடுகளில் அந்த நாலு மாதம் ஒருவர் நெய்யை விடுவார், ஒருவர் தயிரை விடுவார். இவள் எடுத்துக்கொண்டது உப்பு.

"உப்பில்லாம துன்னா மயக்கம் வராம என்னம்மா வரும்? விரதத்த நிறுத்துங்க. உப்பு போட்ட கஞ்சி குடுங்க, ஊறுகா குடுங்க. பத்து நாள்ல தெளிஞ்சிடுவா" என்றேன்.

சுகுமாரி தயங்கினாள். "உப்ப விட்டா தலைவலி கம்மியாத்தாண்ணா இருக்குது."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?" என்று கேட்டுச் சிரித்தேன். இரண்டு பேருமே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. பிரஷர் பார்க்கும் கருவி மேஜை மேலேயே இருந்தது. இந்த வயதுப் பெண்ணுக்கு பிரஷர் எங்கே வரப்போகிறது என்று நான் அதைத் தொடவும் இல்லை.

ஐப்பசியில் மறுபடி வந்தாள். முகம் வீங்கி இமை திறக்கவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணை மறைக்கிறது என்றாள். டாக்டர் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார். இன்னொரு கையிலும் பார்த்தார். இருநூற்று இருபது, நூற்று நாற்பது.

"இந்த வயசுல இவ்ளோ பிரஷர் சும்மா வராது. உமாபதி, யூரினப் பாரு" என்றார்.

சோதனைக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டினேன். சூடேறியதும் பால் திரிந்த மாதிரி வெள்ளையாகக் கட்டிக்கொண்டது. ஆசிட் சொட்டு விட்டேன், கலையவில்லை. எத்தனையோ பேருடையதைக் காய்ச்சியிருக்கிறேன், இத்தனை கெட்டியாகப் பார்த்ததில்லை. உடம்பின் சத்தெல்லாம் மூத்திரத்தோடு போகிறது என்று அர்த்தம்.

டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில், எட்டு வயதில் சிரங்கு வந்தபோது அவளுக்கு முகம் வீங்கி, மூத்திரம் காப்பி நிறத்தில் போனது என்று மதனவதி நினைவுபடுத்திச் சொன்னாள். "அப்பவே ஆரம்பிச்சிருக்கும்மா. கிட்னி ரெண்டும் கெட்டுப்போயிருக்கு. அதான் பிரஷர், அதான் தலைவலி" என்றார் டாக்டர். பின்னால் சென்னையில் எடுத்த ரத்தப் பரிசோதனையும் அதையேதான் சொன்னது.

"உப்பு எப்படி?" என்று கேட்டார். விரதத்தையும், இந்த வருஷம் நடுவில் நிறுத்தியதையும் மதனவதி சொன்னாள். டாக்டருக்கு முகம் சிவந்துவிட்டது.

"அந்த விரதம்தாம்மா இவளுக்கு மருந்தா இருந்திருக்கு! யாரு நிறுத்தச் சொன்னது?"

மதனவதி என்னைப் பார்த்தாள். நான் கழுவிய குழாயையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

"நானாத்தான் விட்டேங்க ஐயா. நாக்கு கேக்கல" என்றாள் சுகுமாரி.

துணி தைக்கத் தாமதமானால்கூடச் சாக்குச் சொல்லாமல், தூங்கிவிட்டேன் என்று உள்ளதைச் சொல்கிறவள் அவள். அவள் அப்படிச் சொன்னதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். வெட்கம் பிறகுதான் வந்தது. விரதத்தை விடாமல் இருந்திருந்தாலும் நோய் தீர்ந்திருக்காது, இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பாள் என்று டாக்டர் பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னார். அந்தக் கொஞ்ச காலத்தைப் பிடுங்கியவன் நான்.

உப்பு கூடவே கூடாது, பருப்பும் குறைவாகத்தான். "வாய்க்கு ருசியா வேணும்னா வெல்லம் சேத்துக்கோ" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் நல்ல வெல்லமாகப் பார்த்து வாங்கி, சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். "எதுக்குண்ணா" என்று இரண்டு கையாலும் வாங்கி உள்ளே கொண்டுபோய் வைப்பாள். அம்மா நூல் கோத்துக் கொடுக்க, முடிந்த நாளில் தைத்தாள். பிறகு அதுவும் முடியவில்லை. அடுத்த வருஷம் மார்கழியில் வலிப்பு வந்து, நினைவு தப்பி, இரண்டே நாளில் போய்விட்டாள்.

காரியம் முடிந்ததும் துக்கம் கேட்கப் போனேன். மதனவதி உள்ளேயிருந்து ஒரு பானையைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தாள். எறும்பு விழுந்து சாகக் கூடாது என்று அதன் வாய்க்குத் துணியால் வேடு கட்டியிருந்தது. அவிழ்த்தாள். உள்ளே நான் கொடுத்த பொட்டலங்கள், கட்டின நூல்கூடப் பிரியாமல், முக்கால்வாசி பழையதாகிக் கசிந்துபோய்க் கிடந்தன.

"அன்னிக்கி ஐயாகிட்ட பொய் சொன்னா இல்ல, அதுக்குப் பிராயச்சித்தமா இனிப்ப விட்டுட்டாப்பா. ஒரு துண்டுகூட வாயில வெக்கல. உண்மைய சொல்லிடலாம்மான்னு நான் கேட்டுக்கினுதான் இருந்தேன். வேணாம், அண்ணனுக்கு வேலை பூடும், மூணு பொண்ணு இருக்குதுன்னுட்டா" என்றாள்.

நான் வீட்டுக்குப் போகவில்லை. பானையோடு நேராக டாக்டரிடம் போய், மேஜைமேல் வைத்துவிட்டு, உப்புப் போடச் சொன்னவன் நான்தான் என்றேன். அவர் என்னைத் திட்டினார், வேலையை விட்டு அனுப்பவில்லை. ஊரெல்லாம் பேசுகிற இந்த வாயை அன்றைக்கு ஒரு தடவை திறந்திருந்தால், அந்தப் பெண் வெல்லமாவது தின்றிருப்பாள்.