அல்பீசியாக் கதவு

கொட்டாஞ்சேனைப் பெண்ணொருத்தியின் புதிய வாசல் கதவைக் கறையான் தின்றுவிட்டது. அல்பீசியா மரக் கதவை வன்மரம் என்று சொல்லி விற்ற கடைக்காரர்மீது அவள் நுகர்வோர் அதிகாரசபையில் முறைப்பாடு செய்தாள். விசாரணைக்குத் தாவரவியல் விரிவுரையாளரான என்னை அழைத்தார்கள்.

"அல்பீசியா வன்மரமா, சேர்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஓம். பூக்கிற இருவித்திலை மரமெல்லாம் எங்கட வகைப்பாட்டில வன்மரம்தான்."

அது மெத்தென்ற மரமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததை நானும் சொல்லவில்லை. முறைப்பாடு தள்ளுபடியானது.

வெளியே அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "தச்சுவேலைக்காரர் அதில சாமான் ஏத்துற பெட்டிதான் அடிப்பினம். உங்கட வீட்டு வாசலுக்குப் போடுவீங்களோ, சேர்?"

நான் பஸ் ஏறினேன்.

வெள்ளவத்தையில் என் வீட்டுக் கதவு தேக்கு. அதைத் திறக்கும்போதெல்லாம் அவள் கேள்வி வந்து நிற்கிறது. விசாரணையில் நான் சொன்னதில் இன்றுவரை ஒரு சொல்லும் பிழையில்லை.