ஆர்கிட் செடிகளுக்கு ஒரு ட்யூப்லைட் ஸ்டாண்டு

இரும்பு ஆங்கிள் துண்டைக் கால் அழுத்திப் பிடித்திருக்க, ஹேக்சா பிளேடை அவசரமில்லாமல் இழுத்துக்கொண்டிருந்தன அந்தக் கைகள். துண்டு விழுந்ததும் அரத்தை எடுத்து, வெட்டிய முனையில் இருந்த பிசிறைத் தேய்த்தன. கட்டைவிரல் விளிம்பின்மேல் ஒருமுறை போய்வந்தது. எங்கோ உறுத்தியது. மறுபடியும் அரம்.

“செடி வைக்கத்தான பாய் இது? ஏரோப்ளேன் செய்யற மாதிரி தேய்க்கிறீங்களே!”

“தெனமும் உங்க கைதான் இதுல படப்போவுது. கிழிச்சா யாரைத் திட்டுவீங்க?”

கேட்டவள் சம்பங்கி. ஓசூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். பதில் சொன்னவர் ஜமீர் அகமது. சிப்காட்டில் புதிதாக வரும் இயந்திரங்களைப் பெட்டியிலிருந்து இறக்கி, அசையாமல் நிறுத்தித் தருகிற ஃபிட்டர். இருவரும் ஒரே லைன் வீட்டுக்காரர்கள், நடுவில் ஒரு சுவர்தான். இது எண்பத்தொன்பதாம் ஆண்டு.

சம்பங்கியின் கணவன் முனிசாமி லாரி ஓட்டுகிறவன். மூன்று வருடங்களுக்கு முன் சிலிகுரி லோடு முடித்துத் திரும்பியபோது, ஈரச் சாக்கில் சுற்றி ஆறு ஆர்கிட் செடிகளைக் கொண்டுவந்தான். “பூ ஒரு மாசம் வாடாதாம்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டான். அவள் கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் போட்டு, ஜன்னலோரம் வைத்து வளர்த்தாள். இலை வந்தது, வேர் வந்தது, பூ மட்டும் வரவில்லை. இந்த வருடம்தான் ஒரு செடியின் இலையிடுக்கில் பென்சில் முனை போல ஒரு பூந்தண்டு எட்டிப் பார்த்தது. அதே மாதம் பக்கத்து மனையில் கிடங்கு கட்டினார்கள். சுவர் ஜன்னலை மூடிக்கொண்டு எழுந்தது. தண்டு நீளுவதை நிறுத்திவிட்டது.

கெலமங்கலம் பக்கம் நர்சரி வைத்திருக்கும் முனிவேல் வந்து பார்த்தார். “இந்த இருட்டுல இது சாவும்மா. என் கொட்டகைக்குக் குடுத்துரு, பூ வந்தா சொல்லியனுப்பறேன், வந்து பாரு” என்றார். ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வருவதாகச் சொல்லிப் போனார். வீட்டுக்குள்ளேயே விளக்கு வைத்து வளர்ப்பார்களாமே என்று அவள் கேட்டதற்கு, “பெங்களூர்ல விக்கறாங்க, பணக்காரங்க வாங்கறாங்க” என்று சிரித்தார்.

வேறொருவர் கொட்டகையில் போய்ப் பார்க்கவா மூன்று வருடம் தண்ணீர் தெளித்தாள்? அன்று மாலையே ஜமீரின் கதவைத் தட்டினாள்.

ஜமீரின் குடும்பம் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்தது. அவருக்கு மண்டியில் இருப்புக்கொள்ளவில்லை. ஓசூரில் தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலத்தில், இயந்திரம் இறக்கும் கூட்டத்தோடு கயிறு பிடிக்கப் போனார். எந்தப் பள்ளியிலும் தொழில் படிக்கவில்லை. மற்றவர்கள் டீ குடிக்கப் போகும்போது இவர் மட்டும் இயந்திரத்தின் அடியில் குனிந்து, எந்தக் காலுக்குக் கீழே எத்தனை தகடு செருகியிருக்கிறார்கள் என்று பார்ப்பார். சில வருடங்களில் தகடு செருகுகிறவரே அவர்தான் என்று ஆனது. இயந்திரம் முடி கனத்துக்குச் சாய்ந்தாலும் லேத்தில் கடைந்த இரும்புத் தண்டு ஒரு பக்கம் பருத்துவிடும். அதனால் ரசமட்டத்தின் குமிழ் நட்டநடுவில் நிற்காமல் அவர் எந்த இயந்திரத்தையும் விட்டு எழுந்ததில்லை. அந்த ரசமட்டம் அவருடைய சொந்தம். பனியன் துணியில் சுற்றி, வீட்டில் யாரும் தொடாதபடி பரண்மேல் வைத்திருப்பார்.

பழைய இரும்புக் கடையில் ஓட்டை போட்ட ஆங்கிள் கிடைத்தது. இயந்திரம் வந்த பெட்டியின் பலகைகள் அடுக்குகளாயின. தொட்டிகளில் வடியும் தண்ணீரைப் பிடிக்க மேலே ஒரு தகரத் தட்டு உட்கார்ந்தது. தொழிற்சாலையில் கழற்றிப் போட்ட ட்யூப்லைட் பட்டிகளில் நல்ல சோக்கு உள்ளவையாக நான்கைக் கேட்டு வாங்கிவந்தார். ட்யூப் மட்டும் புதிது. எண்ணெய் டின்களை வெட்டி விரித்து, உள்பக்கம் வெள்ளை பெயின்ட் அடித்து, வெளிச்சம் மேலே சிதறாமல் கூரை போல மாட்டினார். சோக்கு சூடாகும் என்று அவற்றைச் செடிக்கு மேலே வைக்காமல் சட்டத்தின் பின்பக்கம் தள்ளிப் பொருத்தினார். தண்டு வளர வளர விளக்கை உயர்த்த வேண்டுமே? இரண்டு பக்கமும் சங்கிலி தொங்கவிட்டு, கொக்கியை எந்தக் கண்ணியில் வேண்டுமானாலும் மாட்டும்படி செய்தார்.

சனிக்கிழமை மதியம் ஸ்டாண்டு சம்பங்கி வீட்டுக்குள் போனது. முதல்முறை எரியவிட்டபோது மூன்று ட்யூப் எரிந்தன, ஒன்று கண்ணடித்தது. ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் திருகினார். நான்கும் சேர்ந்து எரிந்ததும் அந்த இருட்டு அறை வெள்ளையாகப் பொங்கியது. லைன் வீட்டில் இருந்த அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

“என்ன சம்பங்கி, வூட்டுல கல்யாணமா?” என்றாள் எதிர்வீட்டு வெள்ளையம்மா.

“ஆமா, பொண்ணு தண்டு வுட்டிருக்கா, பாக்க வா!”

சம்பங்கிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜமீர் ரசமட்டத்தை எடுத்தார். சட்டத்தின் மேலும், தண்ணீர் பிடிக்கும் தகரத் தட்டின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தார். கால்களுக்கு அடியில் தகடு செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார். குமிழ் எங்கே வைத்தாலும் நடுவில் நின்றது. ஒரு செம்பு தண்ணீரைத் தட்டில் ஊற்றி, “பாத்தீங்களா, கண்ணாடி!” என்றார்.

கண்ணாடியேதான். மூலையில் வடிகால் துளையும் கீழே ரப்பர் குழாயும் இருந்தன. கொஞ்சம் தண்ணீர் இறங்கியது. மீதி காசு கனத்துக்கு அப்படியே நின்றது.

சம்பங்கியின் முகம் வாடியது. “இது எங்க போவும் பாய்?”

“எங்கயும் போவாது. அவ்வளோ மட்டம்!”

“நின்னா வேரு அழுவிடும் பாய். ஒரே வாரம். இருட்டே தேவலைன்னு ஆயிடும்.”

ஜமீர் தட்டைப் பார்த்தார், ரசமட்டத்தைப் பார்த்தார். எழுந்து வீட்டுக்குப் போனார். மனைவி காத்தூனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் சிரித்த சிரிப்பு சுவர் தாண்டிக் கேட்டது.

“ஏங்க, குளிக்கிற ரூம்ல தரையை மட்டமாவா போடுவாங்க? தண்ணி வாட்டம்னு ஒண்ணு கேள்விப்பட்டதே இல்லியா?”

“சாச்சு வச்சா அது வேலையா? யாராவது பாத்தா என்ன சொல்லுவான்?”

“யாரு பாக்கப்போறா, செடியா?”

ஞாயிறு காலை முனிவேல் கூடையோடு வந்துவிட்டார். உள்ளே வந்தவர் வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார். பிறகு தட்டில் நின்ற தண்ணீரில் விரலை வைத்தார். “வெளிச்சம் இருக்கு. ஆனா இது செடி வைக்கிற எடமா, மீன் தொட்டியா?”

“டீ குடிங்க. நீங்க குடிச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணி ஓடும்” என்றார் ஜமீர்.

சட்டத்தை அவர் தொடவில்லை. தட்டின் ஒரு முனையை மட்டும் தூக்கி அடியில் ஒரு தகடு வைத்தார். இத்தனை வருடமும் சாய்வை எடுக்கவே செருகிய தகடு, இப்போது சாய்வு கொடுக்கப் போனது. குமிழ் நடுவை விட்டு நகர்ந்தபோது பல்லைக் கடித்தார். இன்னொரு தகடு. குமிழ் ஓரத்துக்குப் போனது. அடுத்த மூலையிலும் அதே தூரம் போகிறதா என்று வைத்துப் பார்த்தார், போகவில்லை. சாய்வதானாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாய வேண்டாமா? பித்தளைத் தகட்டில் மெல்லியதாக ஒன்றைத் தேடிச் செருகினார்.

வாசலில் நின்ற காத்தூன், “கோணலையும் அளந்துதான் செய்யறாரு!” என்றாள். வெள்ளையம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

செம்புத் தண்ணீர் ஊற்றப்பட்டது. தட்டு முழுக்கப் பரவி, மெல்ல ஒரு மூலைக்குத் திரண்டு, துளையில் இறங்கி, குழாய் வழியாக வாளியில் சலசலவென்று விழுந்தது. சம்பங்கி கைதட்டிவிட்டாள்.

முனிவேல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விளக்குக்குக் கீழே புறங்கையை நீட்டினார். சுடவில்லை. “கரண்டு போனா?”

“சூரியனுந்தான் தெனம் போவுது” என்றாள் சம்பங்கி.

அவர் சிரித்துவிட்டார். “தண்டு நீண்டு பூக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேம்மா. ஆனா செடி சாவாது. முடிவு உன்னுது.”

அவள் கூடையை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். “எனக்கு இங்கயே இருக்கட்டுங்க. பூத்தா நீங்க வந்து பாருங்க.”

விளக்கை அணைத்துவிட்டு, ஆறு தொட்டிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தாள். தண்டு விட்ட செடியை நடுவில் வைத்தாள். திரும்பி ஜமீரைப் பார்த்தாள். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றிருந்தார்.

“போடுங்க பாய்.”

“நான் போடக் கூடாதும்மா. மெஷினை நிறுத்தினவன் முதல் சுவிட்ச் போட மாட்டான், அதை ஓட்டுறவங்கதான் போடணும். அதுக்கப்புறம் அது அவங்களுது. கூப்பிடாம நான் கை வைக்க மாட்டேன்.”

சம்பங்கி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். சுவிட்சை அழுத்தினாள். நான்கு ட்யூபும் துடித்து எரிந்தன.

“தண்டு ஒசந்தா ஒரு கண்ணி மேல மாட்டுங்க” என்று சொல்லிவிட்டு, மிச்சமிருந்த இரண்டு கொக்கிகளை அவள் உள்ளங்கையில் வைத்தார் ஜமீர்.