லேசாத்தான் ஆடுச்சு

டீக்கடை டிவியில் கீழே ஓடும் எழுத்தை நான் என்றைக்கும் படித்ததில்லை. ஏற்காடு ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடை போட்டிருப்பவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்? அன்றைக்கு என்னவோ, மிளகாயை மாவில் முக்கிக்கொண்டே நிமிர்ந்தேன். அந்தமான் அருகே கடலில் லேசான நிலநடுக்கம். சேதம் எதுவும் இல்லை. அவ்வளவுதான், அடுத்து தங்கம் விலை ஓடியது.

என் தங்கச்சி அந்தமானில்தான் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரருக்குப் போர்ட் பிளேர் துறைமுகத்தில் வேலை. கைக்குழந்தையோடு அவள் அங்கே போய் நாலு மாதம்கூட ஆகவில்லை. வாசலில் நின்றால் கடல் தெரியுதுக்கா என்று போனில் பெருமையடித்தவள்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன், அதே பாட்டு.

"ஏனுங்கக்கா, லேசுன்னுதான போட்டிருக்கான்? அதுக்கு ஏன் மூஞ்சி இப்படிப் போகுது?" என்றார் டீக்கடைக்காரர்.

"லேசாம் லேசு! உங்க தங்கச்சி அங்க இருந்தாத் தெரியுமுங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்வார்?

சுனாமி என்று அந்தப் பெரிய அலை வந்த வருஷம், அந்தமான் பட்ட பாட்டை அதே டிவியில் பார்த்தவள் நான். கடலோரத்தில் நிலம் ஆடினால் வெளியே வா, மேட்டுக்கு ஓடு என்று அப்போது சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் என் தங்கச்சி ஓடமாட்டாள். ஓடாதே என்று அவளைப் பழக்கியதே நான்தான்.

சின்ன வயதில் இங்கேயே தலைச்சோலைப் பக்கம், எஸ்டேட் கூலியாட்களின் லைனில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் காலையிலேயே காபிக் காட்டுக்குப் போய்விடுவார்கள். எதிர்மேட்டில் கல்குவாரி. மத்தியானம் சங்கு ஊதும், பின்னாலேயே வேட்டு வெடிக்கும். வெளியே நின்றால் கல் பறந்து வந்து விழும். அதனால் சங்கு கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தரை ஆடும். பலகையில் அடுக்கிய பாத்திரமெல்லாம் கடகடக்கும். ஒரு கையால் பலகையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தங்கச்சியை அணைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் வேட்டுச் சத்தத்துக்கு மிரண்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்துவிட்டாள். முடியைப் பிடித்து இழுத்து வந்து முதுகில் இரண்டு வைத்தேன். அப்புறம் எனக்கே மனசு கேட்கவில்லை. "வேட்டுத்தான் கண்ணு. ஊட்டுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று தேம்பல் அடங்கும்வரை சொன்னேன். அதற்குப் பிறகு அவள் ஓடியதே இல்லை. சங்கு ஊதாமலே வெடித்த நாளில்கூட, பலகையைப் பிடிக்க அவள்தான் முதல் ஆளாகப் போவாள். எனக்கு அதில் பெருமை வேறு.

நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அடுப்பை அணைத்தேன், பற்ற வைத்தேன், மறுபடி அணைத்தேன். பஜ்ஜி கருகிப்போச்சு என்ற சேலத்துக்காரரிடம் தின்னாத் தின்னுங்க, இல்லாட்டிப் போங்க என்றேன். படகுத்துறை வரை நடந்தேன், திரும்பி வந்தேன். எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். அது பத்தாது என்று தோன்றி, மொட்டை என்றேன். யாருக்கு மொட்டை என்று அப்போது யோசிக்கவில்லை.

மூன்று மணிக்கு அவளே கூப்பிட்டாள்.

"என்னக்கா, இத்தனை மிஸ்டு கால்? டவர் இப்பத்தான் வந்துச்சு."

"ஆடுச்சா கண்ணு?"

"ஆடுச்சு. லேசாத்தான்."

"வெளிய ஓடுனியா?"

சிரித்தாள். "எங்க ஓடறது? பக்கத்து ஊட்டுக்காரங்கெல்லாம் ரோட்டுல நின்னு ஒரே கத்தல். எனக்கு நம்மூரு நெனப்பு வந்துருச்சுக்கா. கதவைச் சாத்திட்டுப் பாத்திரப் பலகையைப் புடிச்சுக்கிட்டேன். பாப்பாதான் வீல்னு கத்திட்டா. வேட்டுத்தான் கண்ணு, ஊட்டுக்குள்ள இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு தட்டிக் குடுத்தேன். தூங்கிட்டா."

திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.

"கதவைத் தொற" என்றேன்.

"இப்ப எதுக்குக்கா? அதான் நின்னுருச்சே."

"தொற கண்ணு. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு வெளிய வா. அன்னைக்கு நான் சொன்னது இந்த ஊருக்கு. அந்த ஊருக்கு இல்ல."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. தூக்கம் கலைந்து குழந்தை சிணுங்கியது.

"வந்துட்டேன்க்கா."

"மேடு எந்தப் பக்கம்?"

"பின்னால. ஒரு ஸ்கூல் இருக்குது."

"ஏறு."

"அக்கா, வெயில்..."

"ஏறு சாமி, அக்கா சொல்றேன்ல?"

ஏறினாள். மூச்சு வாங்குவது என் காதில் விழுந்தது. பஜ்ஜிக்கு நின்றவர்களை விட்டுவிட்டு, அவள் ஸ்கூல் வாசலுக்குப் போய்ச் சேரும்வரை போனை நான் வைக்கவே இல்லை.