மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம்: ஒரு காளான் துண்டின் வம்சம் தேடி

இது சுற்றுலாப் பயணம் இல்லை. ஜூலை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காய்ந்த காளான் துண்டு ஒன்றை டி.என்.ஏ. பரிசோதனைக்குக் கொடுக்கத் திருவனந்தபுரம் போனேன். ஆய்வுக்கு மாதிரி எடுத்துப் போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நான் கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் செல்வி, ஒரு சுளவு (முறம்) நிறையக் காளானைப் படம் எடுத்து அனுப்பி, "டீச்சரே, இதைத் திங்கலாமா?" என்று கேட்டிருந்தார். வகுப்புக்குப் போகும் அவசரத்தில், "புற்றுக்காளான்தான், சமையுங்க" என்று பதில் போட்டேன். அன்று சாயங்காலமே அவர் கணவர் ஓயாத வாந்தியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். மூன்று நாள் டிரிப் ஏறியது. பிழைத்துவிட்டார். ஆனால் என் பதில்தான் காரணமா, வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மிச்சம் கிடந்தது தண்டு இல்லாத, நசுங்கிய பாதிக் குடை மட்டுமே. கண்ணால் பார்த்து அதில் எதையும் தீர்மானிக்க முடியாது. வாங்கி வந்து காயவைத்தேன்.

காலை 6.40க்குப் பஸ். திருவனந்தபுரம் கிள்ளிப்பாலம் வரை சுமார் முப்பத்து மூன்று கிலோமீட்டர், டிக்கெட் ஐம்பது ரூபாய். மழையில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஜன்னல் ஷட்டர் சரியாக மூடவில்லை. மடியில் இருந்த பை நனைந்தது. இறங்கிப் பையைத் திறந்து பார்த்தேன். ஈரம் உறிஞ்சப் போட்டிருந்த ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல் மணிகள் ஈரமேறி முழுக்கப் பச்சையாகியிருந்தன. ஈரம் தங்கினால் வேறு பூசணம் பிடிக்கும். பிறகு பரிசோதனை அந்தப் பூசணத்தின் பெயரைத்தான் சொல்லும். ஆய்வகத்தில் பத்து மணிக்குள் இருக்க வேண்டும். வேறு துண்டும் கிடையாது.

மொத்த வியாபாரக் கடைகள் இருக்கும் ஆரியசாலைக்கு நடந்தேன். கடைகள் பூட்டியிருந்தன. ஒரு கெமிக்கல் கடை வாசலில் ஒன்பது மணி வரை குடை பிடித்துக்கொண்டு நின்றேன். ஷட்டரைத் தூக்கிய கடைக்காரரிடம் சிலிக்கா ஜெல் கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சாரமில்ல மேடம், பேடிக்க வேண்டாம். கால் கிலோ போதுமல்லே?" என்றார்; பரவாயில்லை, பயப்பட வேண்டாம் என்று மலையாளம் கலந்து தேற்றினார். நூற்றிருபது ரூபாய். மணிகளை மாற்றும்போது என்ன பொருள் என்று கேட்டார். கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன், இது காளான் என்றதும் தன் போனை நீட்டினார்.

"நம்ம வீட்டுக்குப் பின்னால முளைச்சது. இது நல்ல கூணு தானே?"

வெள்ளைக் குடை, பழுப்புச் செதில்கள். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"தெரியாது. படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. தயவுசெய்து சமைக்காதீங்க."

"நீங்க டீச்சரல்லே?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வகம் அங்கிருந்து வடக்கே ஏழு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நூற்றுப் பதினைந்து ரூபாய். 9.52க்கு உள்ளே போனேன். அங்கே ஆய்வாளராக இருக்கும் சுபா என்னோடு எம்.எஸ்சி. படித்தவள், கரமனை அக்ரஹாரத்துப் பெண்.

"இப்படி வேர்த்துக் கொட்டறதே, முதல்ல உட்காரு" என்றாள். துண்டைப் பிரித்துப் பார்த்தாள். "நடுவுல காஞ்சுதான் இருக்கு. அங்கேர்ந்து எடுக்கறேன்."

காளான்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய உதவும் சிறு மரபணுப் பகுதி ஒன்று உண்டு. அதைப் பல லட்சம் நகல் எடுத்து, எழுத்து எழுத்தாகப் படித்து, தெரிந்தவற்றோடு ஒப்பிடுவார்கள். தோற்றத்தை நம்பி ஒரே குடும்பத்தில் வைத்திருந்த பல காளான்களை இந்த முறை பிரித்துவிட்டது. சம்பந்தமே இல்லாத இரண்டு வம்சங்கள் ஒரே குடை வடிவத்துக்கு வந்து சேரலாம் என்றாள் சுபா. நான் பாடம் நடத்தும் விஷயம்தான். அன்று அது என்னைக் குற்றம் சாட்டுவதுபோல் கேட்டது.

மாலை நாலரை வரை வராந்தாவில் இருந்தேன். கான்டீன் சாப்பாடு அறுபது ரூபாய்; பாதிதான் இறங்கியது. கடைசியில் சுபா திரையைக் காட்டினாள். நம் மாதிரிக்கு ஒரு வெளிச்சக் கோடு; நகல் எடுபட்டிருந்தது. மாதிரியே போடாமல் ஒப்பீட்டுக்கு வைத்திருந்த பக்கத்து வரிசை இருட்டாக இருந்தது. சோதனையில் கலப்படம் இல்லை. அவ்வளவுதான் அன்று தெரிந்தது. தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் 5.40க்குப் பஸ் ஏறினேன்.

அடுத்த திங்கட்கிழமை சுபாவிடமிருந்து போன் வந்தது. புற்றுக்காளான் இல்லை. பச்சை வித்துக்கள் உதிர்க்கும் விஷக்காளான். வம்சப்படி, கடையில் விற்கும் பட்டன் காளானுக்குத்தான் அது நெருங்கிய சொந்தம், புற்றுக்காளானுக்குத் தூரம்.

மாதிரி கொண்டு போகிறவர்களுக்கு: இரண்டு துண்டுகளாக, இரண்டு பைகளில் வையுங்கள். சிலிக்கா ஜெல் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். யார் படம் அனுப்பினாலும் சாப்பிடலாம் என்று சொல்லாதீர்கள்.

போன் வந்த அன்று சாயங்காலமே செல்வி வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பு என்று இருவரிடமும் சொன்னேன்.

செல்வி கணவரின் கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார்.

"பறிக்கும்போதே எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு டீச்சரே. புற்றுக்காளானுக்கு அடியில நீளமா வேரு போவும். இதுக்கு இல்ல. அதனாலதான் உங்ககிட்ட கேட்டேன்."