சந்தனம் மணத்த பேரிங்

என் நாட்குறிப்பில் ஆடி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு நேரே இப்படி எழுதியிருக்கிறேன்: ‘அத்தையின் வேக்குவம் கிளீனர் ஆட்டோவில் வந்து இறங்கியது. கனம் ஆட்டுக்கல்லுக்குச் சற்றே குறைவு. ஓடவில்லை. கெடு: ஆவணி இரண்டாம் வெள்ளி.’

கெடு வைத்தவன் என் மைத்துனன். ஒத்தக்கடையில் புது வீடு கட்டி, அந்த வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்திருந்தான். டவுனில் வாடகை வீட்டில் இருந்த அத்தை, அதாவது என் மாமியார், அன்றிலிருந்து மகனோடுதான் இருக்கப்போகிறார். அவருடைய சாமான்களில் எது புது வீட்டுக்கு வரலாம், எது கூடாது என்று அவன் தரம் பிரித்தபோது, குட்டி ரோடு ரோலர் மாதிரி கட்டிலடியில் படுத்திருந்த இந்த இயந்திரத்தில் வந்து நின்றது விவகாரம். மாமா உயிரோடு இருந்த காலத்தில் யாரிடமோ பழையதாக வாங்கி வந்தது. அத்தைக்கு அது பீரோவைவிட முக்கியம்.

“ஓடுனா ஹால்லயே வச்சுக்கம்மா. ஓடலைன்னா பழைய இரும்புக்குத்தான்” என்று சொல்லிவிட்டான் மகன்.

அத்தை மல்லுக்கு நிற்கவில்லை. ஆட்டோவில் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, போனில் ஒரே வாக்கியம் சொன்னார்: “மாப்பிள்ளை, நீங்க எம்புட்டோ படிக்கிறவரு, இதையும் பாத்துருங்க.”

நான் கல்வெட்டு படிப்பேன், பயண நூல் படிப்பேன், பஞ்சாங்கத்தைக்கூட அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பேன். மோட்டார் படித்ததில்லை. ஆனாலும் ஒரு திருப்புளியும் பழைய பல்துலக்கியுமாக உட்கார்ந்துவிட்டேன். தூசி சேரும் பை இருக்கும் கூட்டைக் கழற்றி, மோட்டாரை வெளியே எடுத்து, அதன் தண்டை விரலால் சுற்றிப் பார்த்தேன். அசையவில்லை. தண்டின் இரு முனைகளையும் தாங்குபவை பேரிங்குகள். இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள் உருளும். முன்பக்கத்தது சுத்தமாக இருந்தது. பின்பக்க மூடியைத் திருகித் திறந்ததும், குண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் பாகு முற்றிய வெல்லம் போல ஏதோ இறுகிக் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். மனைவியைக் கூப்பிட்டு அவளையும் முகரச் சொன்னேன்.

“சந்தனம்” என்றாள். “கோயில் பிரகாரம் மாதிரி மணக்குது. என்னங்க, மோட்டாருக்குள்ள சாமி இருக்கா?”

உடனே அத்தைக்குப் போன் போட்டேன்.

“அத்தை, பின்னாடி மூடிக்குள்ள ஏதாச்சும் ஊத்துனீங்களா?”

“ஆமா. ஓட ஓட சூடு ஏறுச்சு. நல்லெண்ணெய் விட்டேன். அடங்கல. சந்தனம் அரைச்சு வச்சேன்.”

“மோட்டாருக்கா?”

“சூடு எல்லாருக்கும் ஒண்ணுதான மாப்பிள்ளை?”

மனைவி போனைப் பிடுங்கினாள். “ஏம்மா, சனிக்கிழமை பாத்து எண்ணெய் தேச்சுவிட்டியாக்கும்?”

“ஆம்பளைக்குச் சனி, பொம்பளைக்கு வெள்ளி. இது ஆணா பொண்ணான்னு யாரு கண்டா? அதான் ரெண்டு நாளும் விட்டேன்” என்றார் அத்தை, மிகுந்த நியாயத்தோடு.

மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் தரையில் உட்கார்ந்திருந்ததால் படுத்தே சிரித்தேன். நல்லெண்ணெய் சூட்டில் பிசினாகும். பிசின் ஏற ஏற மோட்டார் திணறும். திணறத் திணறச் சூடேறும். சூடேறினால் அத்தை கிண்ணத்தோடு வருவார். இப்படியே குளிப்பாட்டிக் குளிப்பாட்டி ஒரு மோட்டாரைத் தூங்க வைத்திருக்கிறார்.

பெயிண்ட் கடைத் தின்னரில் அந்தப் பேரிங்கை ஊறப்போட்டேன். கரைந்து வந்த சாற்றுக்கு அபிஷேகத் தீர்த்தத்தின் நிறம். தேய்த்து, மறுபடி ஊறவைத்து, காயவைத்து, வளையத்தை விரலில் மாட்டிச் சுண்டியபோது, அது சுற்றியது! சத்தமே இல்லாமல், பம்பரம் போல. அடுப்படியில் இருந்த மனைவியிடம் ஓடிக் காட்டினேன். அவளும் சுண்டினாள். தோசை கருகும்வரை மாறி மாறிச் சுண்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்தது கிரீஸ். பேரிங்கின் உள்ளிடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும் என்று படித்திருந்தேன். ஆனால் அத்தனை வறட்சியாகக் கிடந்ததைப் பார்த்த கை கேட்கவில்லை. வழிய வழிய அப்பிவிட்டேன். ஆவணி முதல் திங்கள், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க அத்தையே வந்தார். சுவிட்சைப் போட்டேன். உறுமியது! அத்தை கைதட்டினார். சிறிது நேரத்தில் உறுமல் முனகலாக இறங்கியது. அத்தை பின்மூடியில் புறங்கையை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“சுடுதே. எம்புட்டு வச்சீங்க?”

“ரொம்பக் கொஞ்சம்தான் அத்தை.”

“பொய்யி. மூடிச் சந்துல வழியுது பாருங்க. வயிறு முட்டத் திங்கக் குடுத்துட்டு ஓடுன்னா எது ஓடும்?” சொல்லிக்கொண்டே மகளிடம் திரும்பினார். “நல்லெண்ணெய் எங்கடி வச்சிருக்க?”

மனைவி எண்ணெய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே ஓடிவிட்டாள். நான் மூடியைத் திறந்து, மூன்றில் இரண்டு பங்கு கிரீஸை வழித்தெறிந்துவிட்டு, மறுபடி ஓடவிட்டேன். இம்முறை உறுமல் இறங்கவில்லை; மூடியும் லேசான வெதுவெதுப்போடு நின்றது. அத்தை குழாயைப் பிடுங்கி மெத்தையை உறிஞ்சினார், திரைச்சீலையை உறிஞ்சினார், திரும்பிவந்த மனைவி என் தலையை உறிஞ்சினாள். வீட்டில் உறிஞ்ச ஒன்றும் மிச்சமில்லாமல்போய் எதிர்வீட்டு வாசல் மிதியடியைக் கேட்டு வாங்கினோம்.

வெள்ளிக்கிழமை அதிகாலை ஒத்தக்கடை. புது வீட்டுத் தரையெங்கும் டைல்ஸ் வெட்டிய வெள்ளைத் தூள். மைத்துனன் பட்டு வேட்டியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

“மாப்ள, தள்ளி நில்லு” என்றேன்.

“ஓடட்டும் மச்சான், பாப்போம்” என்றான்.

அத்தையே சுவிட்சைப் போட்டார். கூரை அதிரும் உறுமல். குழாய் போன வழியெல்லாம் தரை கோடு கிழித்தாற்போல் பளிச்சிட்டது. கூடவே, மோட்டாரின் இண்டு இடுக்கில் என் தின்னருக்குத் தப்பிய மிச்சம் சூடேறி, ஹால் முழுக்க மணக்கத் தொடங்கியது.

“யாரு அதுக்குள்ள ஊதுவத்தி ஏத்துனது?” என்று மைத்துனன் சத்தம் போட்டான்.

அத்தை அணைக்கவேயில்லை. பால் பொங்கியபோது குலவைச் சத்தத்தை மோட்டார் விழுங்கிவிட்டது. பொங்கியதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். மைத்துனன் இரண்டு கையையும் தூக்கினான். “சரிம்மா, சரி! ஹால்லயே இருக்கட்டும். மொதல்ல நிப்பாட்டு!”

அதிலிருந்து அது அங்கேதான், டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை கோயிலுக்குக் கிளம்பியதும் மகன் அதைத் திருட்டுத்தனமாக எடுத்துப் போய்த் தன் கார் சீட்டுகளைச் சுத்தம் செய்வதாக அவரே போனில் சொல்கிறார். அவனிடம் கேட்டால், “எனக்கு வேற வேலை இல்லையா மச்சான்?” என்கிறான். நான் நேரில் பார்க்கவில்லை. இத்தகவல் இன்றுவரை சரிபார்க்கப்படாதது.